செவ்வாய்க்கிழமை போட்ட டிஸ்க்

உட்கார நாற்காலி இல்லை. பெர்மாஸ் ஜெயாவில் அந்த வரிசை வீட்டின் முன்வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள்தான் நின்றன. இரண்டும் ஒரே ரகம், ஒரே கறுப்பு, ஒரே நாளில் வாங்கியவை. ஒன்று முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. காளிதாஸ் மற்றதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

நசுங்கிய வண்டியின் அருகே விஜிதா குந்தியிருந்தாள். பதினான்கு வருடம் விபத்து வண்டிகளைச் சோதித்து அறிக்கை எழுதியவள். இப்போது ஜொகூர் பாருவில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். காளிதாஸ் அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், தே தாரிக் டீ வாங்கி வருபவன், எல்லாமே. வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் அவன் வேலைப் பட்டியலில் இல்லை.

"இதைப் பாரும், காளி." விஜிதா முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கைக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் பிடித்தாள். "இது ரெண்டு துண்டு. நடுவிலே தட்டு, வெளியிலே வளையம். ரெண்டையும் பிடிச்சு வச்சிருக்கிறது இந்தக் குமிழ்கள். கொஞ்சம் ஆடலாம். ஆனா இது..."

பிடித்து ஆட்டினாள். டக், டக் என்று சத்தம் கேட்டது. ஒரு குமிழ் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

"விழப்போற பல்லு மாதிரி இருக்கு, மேடம்."

"ஒரு பல்லு விழுந்தே போச்சு. மழையிலே லாரி திடீரெண்டு நிக்க, ஓட்டினவர் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சிருக்கிறார். குமிழ் கழண்டு, வளையம் சாய்ஞ்சு, சக்கரம் பூட்டிக்கொண்டுது." நகத்தை வளையத்தின் விளிம்பில் ஓட்டினாள். தேய்ந்த இடம் பள்ளமாக, ஓரம் மட்டும் வரப்பு மாதிரி நின்றது. நகம் அதில் தடுக்கியது. பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தாள். "மூண்டரை மில்லிமீட்டருக்குக் கீழே போனா ஓடக்கூடாது எண்டு இதிலேயே அடிச்சிருக்கு. இது மூண்டு புள்ளி ஒண்டு."

வாசல்படியில் நின்ற பெண் அந்த எண்ணைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். பிரேமலா, முப்பத்து மூன்று வயது. இந்த வண்டியை ஓட்டி இறந்த மதிவாணனின் மனைவி. தினமும் விடியுமுன் மோட்டாரில் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வருகிறவள். புருஷன் போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

"அதை அப்படியே எழுதிக் குடுங்க மேடம்," என்றாள். குரலில் ஈரமே இல்லை. "செவ்வாய்க்கிழமை எங்கண்ணன் கடையிலதான் புது டிஸ்க் போட்டாரு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் செத்துட்டாரு. அண்ணன் சாவு வீட்டுலயே எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டான். 'புதுசு போடல பாப்பா, பழசைத்தான் போட்டேன்'னு. போலீஸ் ரிப்போர்ட் குடுத்துட்டேன். திங்கக்கிழமை வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடப் போறான். அது பழசுதான்னு தெரிஞ்சவங்க சொன்னா போதும்."

"கூடப்பிறந்த அண்ணனா?" காளிதாஸ் கேட்டுவிட்டான்.

"ஒரே அண்ணன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

விஜிதா பிரேக் பேட்களைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். அவை தடிமனாக, புதிதாக இருந்தன. முகத்தில் மட்டும் மயிரிழை போலச் சில கோடுகள்.

"டிஸ்க்கிலே உள்ள பள்ளம் பேட்டிலே பதியத் தொடங்கியிருக்கு. தொடங்கி மட்டும்தான் இருக்கு. ரெண்டு மூண்டு நாள் பழக்கம். அப்போ விபத்துக்குப் பிறகு யாரும் வந்து மாத்தேல்லை. பழைய டிஸ்க்கோடதான் அவர் ஓடியிருக்கிறார்."

"அப்ப கேஸ் முடிஞ்சிருச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்ச மொத கேஸ், மேடம்."

"முடிஞ்ச மாதிரித்தான் இருக்கு. ஆனா புதுப் பேட் போட்ட மனுஷன், டிஸ்க்கை மட்டும் ஏன் குப்பையிலே இருந்து எடுக்கிறார்?" அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். "வண்டியை எடும். மாசாய்க்குப் போவம்."

*

பிரேமலாவின் அண்ணன் லெட்சுமணனின் ஒர்க்‌ஷாப் மாசாயில் ஒரு கடைவரிசையின் கோடியில் இருந்தது. நாற்பது வயது, கழுத்துவரை எண்ணெய்க் கறை, மழிக்காத தாடி. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் இரண்டு முக்காலிகளைத் துடைத்துப் போட்டான். "ஒரு அஞ்சு நிமிஷம் மேடம், இந்தப் பாக்சிக்கை அனுப்பிட்டு வந்துர்றேன்."

பாக்சிக் என்று அவன் சொன்னது ஒரு மலாய்ப் பெரியவரை. அவருடைய வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, லெட்சுமணன் டிஸ்க்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நெளிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். விளிம்பில் நகத்தை ஓட்டினான். காலையில் விஜிதா செய்த அதே சோதனை, அதே வரிசையில். பிறகு மாற்றாமல் இதை ஓட்டக்கூடாது என்று மலாயில் சொன்னான். இன்னும் ஒரு மாதம் ஓடாதா என்று பெரியவர் கெஞ்சினார். லெட்சுமணன் அவருடைய சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தன் வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தான்.

"அலமாக்," என்று காளிதாஸ் வியந்து முணுமுணுத்தான். "இவரா மேடம் மச்சானுக்குக் குப்பையை மாட்டினாரு?"

விஜிதா வளைக்காமல் கேட்டாள். "லெட்சுமணன், மதிவாணன்ட வண்டியிலே இருந்து செவ்வாய்க்கிழமை கழட்டின டிஸ்க் எங்கே?"

யோசிக்காமல் அவன் கை சுவர்ப்பக்கம் போனது. பாதியில் நின்றது. ஆனால் காளிதாஸ் பார்த்துவிட்டான். ஆணியில் தொங்கிய ஏழெட்டு டிஸ்க்குகள் ஒவ்வொன்றிலும் வண்டி எண் எழுதிய அட்டை கட்டியிருந்தது. மதிவாணனின் எண் மூன்றாவதில் இருந்தது. அதை எடுத்து வந்து விஜிதாவிடம் நீட்டினான்.

அவள் அளந்தாள். "மூண்டு புள்ளி ஆறு. குமிழ் கொஞ்சம் ஆடுது. உங்களைப் போல கவனமான ஆள் மாத்தத்தான் செய்வார். சரி. மூண்டு புள்ளி ஆறைக் கழட்டிப்போட்டு, மூண்டு புள்ளி ஒண்டை மாட்டினீங்களோ?"

லெட்சுமணன் மேசைமேல் கிடந்த துணியை எடுத்தான்.

"வீடு ஒழுகுதுன்னு கூரையைப் பிரிச்சுட்டுக் குடையைக் கட்டின கதையால்ல இருக்கு," என்றான் காளிதாஸ். அவன் கண் மேசைக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியில் விழுந்தது. தூக்கிப் பார்த்தான். டிஸ்க் வந்த பெட்டி. காலி. மேலே பத்து பாகாட் என்ற ஊரில் உள்ள ஒரு உதிரிப்பாகக் கடையின் சீட்டு. மதிவாணன் இறந்த வாரத்துத் தேதி. "பெட்டி புதுசு. உள்ள இருந்தது மட்டும் பழசாண்ணே?"

"தப்பாயிருச்சு." லெட்சுமணன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "நான்தான் செஞ்சேன். திங்கக்கிழமை எழுதிக் குடுத்துருவேன். என் தங்கச்சி கேட்டது அவளுக்குக் கிடைச்சிரும். நீங்க இதைத் தோண்டாதீங்க மேடம். கையெடுத்துக் கும்பிடுறேன்."

செய்த தப்பை மறைக்கக் கும்பிடுகிறவர்களைக் காளிதாஸ் நிறையப் பார்த்திருக்கிறான். செய்யாத தப்பைத் தக்கவைத்துக்கொள்ளக் கும்பிடுகிறவனை அன்றுதான் பார்த்தான்.

*

பத்து பாகாட்டுக்கு இரண்டு மணி நேர ஓட்டம். உதிரிப்பாகக் கடையில் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கவுண்டரில் செல்வராணி என்ற பெண் இருந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க கடை பெட்டிதான். மாசாய் லெட்சுமணனுக்குப் போனது. இந்த மாடல் இங்க மட்டும்தான் கிடைக்கும் லா. அன்னைக்குக் கடைசியா இருந்தது இது ஒண்ணுதான்."

"உள்ளே இருந்தது புதுசுதானே?" விஜிதா கேட்டாள்.

"என் கையாலதான் ஒட்டி அனுப்பினேன், மேடம்." அவளுக்குச் சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தது. "நல்லவேளை நீங்க வந்தீங்க. லெட்சுமணனோட மச்சான் ஒருத்தர் இருக்காரே, மதிவாணன்னு. அவரு இன்னொண்ணு கேட்டாரு. சனிக்கிழமை ஸ்டாக் வரும், வந்து எடுத்துக்குங்கன்னேன். அதுக்கப்புறம் ஆளையே காணோம். போன் பண்ணாலும் எடுக்கல. நாப்பது நாளா யாருக்கும் விக்காம எடுத்து வச்சிருக்கேன். வரச் சொல்லுங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்தாள். அதன் மேல் பேனாவால் மதிவாணன் என்று எழுதியிருந்தது.

காளிதாஸ் விஜிதாவைப் பார்த்தான். விஜிதா கீழே பார்த்தாள்.

"அவர் தவறிட்டாரு, அக்கா," என்றான் அவன். "அந்த வெள்ளிக்கிழமையே. ஆக்சிடெண்ட்."

செல்வராணி பெட்டியை ஒருமுறை தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "நான் திட்டிட்டு இருந்தேனே," என்றாள். "ஆர்டர் குடுத்துட்டு வரலையேன்னு... தினம் திட்டிட்டு இருந்தேனே."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத் தன் கைப்பேசியைத் தேடி எடுத்தாள். அந்த ஆர்டர் குரல் பதிவாகத்தான் வந்தது, வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. அழுத்தினாள்.

பின்னால் லாரிச் சத்தம். அதற்கு மேலே இளமையான, அவசரமில்லாத ஒரு குரல்.

"சிஸ்டர், மதி பேசறேன். மச்சானுக்கு அனுப்பினீங்களே, அதே டிஸ்க் இன்னொண்ணு வேணும். சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கிறேன். மச்சான்கிட்ட சொல்லாதீங்க, திட்டுவாரு. அவசரமில்ல. நான் பக்கத்துல பாசிர் கூடாங்தான் போறேன், இருபது நிமிஷம். அதுவரைக்கும் மெதுவா ஓட்டிக்குவேன்."

அவ்வளவுதான். பதிவு நின்றது.

காரில் ஏறி ஆயர் ஈத்தாம் தாண்டும்வரை காளிதாஸ் வாயைத் திறக்கவில்லை.

"ஏதாவது சொல்லும்," என்றாள் விஜிதா.

"செவ்வாய்க்கிழமை புது டிஸ்க். வியாழக்கிழமை இன்னொரு புது டிஸ்க்குக்கு ஆர்டர். தன் வண்டியில இருக்கிறது பழசுன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் ஓட்டியிருக்காரு."

"அப்போ செவ்வாய்க்கிழமை போட்டது எங்கே போச்சு?"

காளிதாஸ் பதில் சொல்ல வாயெடுத்தான். பெர்மாஸ் ஜெயா முன்வாசல் கண்ணில் வந்தது. ஒரே ரகம், ஒரே கறுப்பு. காலையில் அரை மணி நேரம் எதன் மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான் என்பது புரிந்தது. அவன் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான்.

விஜிதா ஏற்கெனவே கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள். "பிரேமலா, ஒரு கேள்விதான். உங்கட மோட்டார்ட முன் பிரேக்கை யார் கடைசியாய்ப் பார்த்தது?"

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம். "ஏன் கேக்குறீங்க?"

"சும்மா, அறிக்கைக்கு. பிறகு பேசுறன்." வைத்துவிட்டாள். கைப்பேசியை மடியில் கவிழ்த்துப் போட்டாள். "கேட்டிருக்கக்கூடாது, காளி. அவசரப்பட்டுட்டன்."

*

அவர்கள் மாசாய் திரும்பியபோது மாலை ஐந்தரை. லெட்சுமணன் கடையை மூடத் தொடங்கியிருந்தான். விஜிதா பத்து பாகாட்டில் கேட்டதைச் சொன்னாள். குரல் பதிவு பற்றிச் சொன்னதும் அவன் முக்காலியில் உட்கார்ந்தான்.

"போலீஸ் ஸ்டேஷன்ல வண்டியைப் பார்த்த உடனே தெரிஞ்சிருச்சு, மேடம். அது பாப்பா வண்டி டிஸ்க். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் ரெண்டு வண்டிக்கும் போட்டேன். அவளோடதுல ஒரு குமிழை நானே தட்டி மாத்தினேன். என் கை வேலை எனக்குத் தெரியாதா?" அவன் தன் கைகளைப் பார்த்தான். "செவ்வாய்க்கிழமை மச்சானுக்குப் போட்டுட்டு, புதன்கிழமை காலையில நான் கடையைச் சாத்திட்டு லாபிஸ் போயிட்டேன். மாமனார் வீட்டு விசேஷம். அன்னைக்குச் சாயந்திரம் மச்சான் அவ வண்டியைப் பார்த்திருக்காரு. ஆட்டம் தெரிஞ்சிருக்கும். ஸ்டாக்கும் இல்ல, நானும் இல்ல. அவ பாலம் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஓட்டணும், லாரிக்கு நடுவுல. தனக்கு இருபது நிமிஷம்தானேன்னு தன்னோடதைக் கழட்டி அவளுக்கு மாட்டிட்டு, அவளோடதைத் தான் மாட்டிக்கிட்டாரு. ஒரு போன் பண்ணியிருந்தா நான் ராத்திரியே வந்திருப்பேன். விசேஷத்தைக் கெடுக்க வேணாம்னு நினைச்சிருப்பாரு. அவர் அப்படித்தான்."

"அதுக்காக நீங்க செய்யாததை ஒத்துக்கொள்றதோ? ஜெயிலுக்குப் போகவேண்டி வரும்."

"என்னைத் திட்டினா அவளால உயிரோட இருக்க முடியும், மேடம். தன்னைத் திட்டிக்க ஆரம்பிச்சா? சொல்லிடாதீங்க."

கொண்டுவந்த காலிப் பெட்டியைக் காளிதாஸ் மேசைக்கு அடியிலேயே திரும்ப வைத்தான்.

வெளியே ஒரு மோட்டார் வேகமாக வந்தது. சரியாகக் கடை வாசலில் நின்றது. நின்ற விதம் மிருதுவாக, சத்தமே இல்லாமல் இருந்தது. பிரேமலா தலைக்கவசத்தைக் கழற்றினாள். உள்ளே வரவில்லை. அங்கேயே தரையில் குந்தினாள்.

காலையில் விஜிதா செய்ததை அவள் வாசல்படியில் நின்று பார்த்திருந்தாள். இப்போது தன் வண்டியின் டிஸ்க்கைக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் பிடித்து ஆட்டினாள். சத்தமில்லை. இன்னொரு முறை ஆட்டினாள். விளிம்பில் நகத்தை ஓட்டினாள். நகம் எங்கேயும் தடுக்காமல் வழுக்கிப் போனது.

"பிரேக் பிடிச்சா கை நடுங்குதுன்னு அவர்கிட்ட சொன்னேன்," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "புதன்கிழமை வேலை முடிஞ்சு வந்ததும் சொன்னேன். 'நீ போய்ப் படு, நான் பார்க்கிறேன்'னாரு. ஸ்பானர் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன். வியாழக்கிழமையில இருந்து நடுங்கல. அதுக்கப்புறம் கேக்கணும்னே தோணல. அவர் போன பிறகு கூடத் தோணல. தினம் இதுலதான் போனேன், வந்தேன்."

"பாப்பா..." லெட்சுமணன் எழுந்தான்.

"உனக்குத் தெரியும்."

அவன் வாசலுக்கு வந்தான்.

"நாப்பத்தொரு நாள் உன் மூஞ்சில முழிக்கல. அம்மாவை உன் வீட்டுப் பக்கம் போகக்கூடாதுன்னேன். மண்ணை வாரித் தூத்தினேன். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நின்னியே. உன்னை யாருண்ணே இதைக் கேட்டா?"

அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கை முழுக்க எண்ணெய் என்பதால் அவளைத் தொடத் தயங்கினான். அவளே அந்தக் கையை இழுத்துத் தன் முகத்தை அதில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். நாற்பத்தொரு நாள் அழாத அழுகை. பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்கள். விஜிதா தன் பையை மூடினாள். காளிதாஸ் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

*

திங்கட்கிழமை காலை காவல் நிலையத்தில் நான்கு பேரும் இருந்தார்கள். விஜிதாவின் அறிக்கை மேசை மேல் இருந்தது. விசாரித்த அதிகாரி இளம் மலாய்க்காரர். அண்ணன் மீது கொடுத்த புகாரை ஏன் திரும்பப் பெறுகிறாய் என்று பிரேமலாவிடம் கேட்டார். அவள் மலாயிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தாள். அதிகாரி தட்டச்சு செய்தபடி வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

டிஸ்க்கை மாற்றியது யார் என்று கேட்டார். பெயர் வேண்டும், உறவு வேண்டும்.

லெட்சுமணன் வாயெடுத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"சுவாமி சாயா," என்றாள்.

என் கணவர். மலாயில் சுவாமி என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். குழந்தையிலிருந்து மலாய் பேசுகிற காளிதாஸ் எத்தனையோ படிவத்தில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறான், ஒருநாளும் நின்று கேட்டதில்லை. இன்று தமிழ்க் காதில் கேட்டது. அவன் நிமிர்ந்து விஜிதாவைப் பார்த்தான். அவளும் அதைத்தான் கேட்டிருந்தாள்.

அதிகாரி தலையசைத்து, அந்த ஒரு சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.